வெள்ளைச் சுவர்க் குசினி

நேசமலர் ஊதாங்குழலை நிலத்தில் போட்டுவிட்டுக் சமையல் கொட்டிலின் கப்புக்காலைப் பிடித்துக்கொண்டு இருமினாள். சில நாட்களாக விடாத மழை. வீரை விறகு நல்ல விறகுதான், ஆனால் நனைந்துவிட்டால் எல்லா விறகும் ஒரே சாதிதான். உலைத் தண்ணீர் இன்னும் கைச்சூடு கூட வரவில்லை. புகை மட்டும் ஊருக்கே பங்கு வைக்கிற அளவுக்கு வந்துகொண்டிருந்தது. கிடுகுக் கூரையில் முட்டி, போக வழியில்லாமல் திரும்பி இறங்கி, அவளுடைய முகத்துக்கு முன்னால் நின்றது. அவளுடைய இடப்பக்க நெஞ்சுக்குள் சண்டையின் கடைசி நாட்களில் மாத்தளனில் வெடித்து ஏறிய செல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. எடுத்தால் ஆபத்து, விட்டால் கரைச்சல் என்று சொல்லி டொக்டர்மார் அதை அங்கேயே விட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் அரை மூச்சு, மற்றப் பக்கம் முழு மூச்சு. அந்த ஒன்றரை மூச்சை வைத்துத்தான் அவள் சமைக்கிறாள், கூட்டுகிறாள், தண்ணீர் அள்ளுகிறாள், புருசனுடன் சண்டையும் பிடிக்கிறாள்.

கொட்டிலில் இருந்து பார்த்தால் எதிரே வீடு. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, ஓட்டுக் கூரை, அதற்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு புகைபோக்கி. அந்தப் புகைபோக்கிக்கு நேர் கீழே, வெள்ளையடித்த குசினிக்குள், இரும்பு அடுப்பு ஒன்று இருக்கிறது. கதவு வைத்த அடுப்பு, சாம்பல் தட்டு வைத்த அடுப்பு. அதன்மேல் ஒரு பின்னல் விரிப்புப் போட்டு, பிளாஸ்டிக் ரோசாப்பூச் சாடி ஒன்றும் வைத்திருக்கிறது. உள்ளே இப்படி ஓர் அடுப்பு இருக்க, இந்த மனிசி ஏன் வெளியே கிடந்து சாகிறாள் என்று பார்க்கிறவருக்குக் கேட்கத் தோன்றும். கேட்கத் தோன்றாத மூன்று பேர் அந்த வீட்டில் இருந்தார்கள். புருசன் வீரகத்தி, மகள் கஜனி, மருமகன் பிரதாபன்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். அத்திவாரம் வெட்டுகிற நாளிலேயே அது மகளின் சீதனம் என்று எல்லோருக்கும் தெரியும். வீரகத்தி ஒவ்வொரு கல்லையும் யாரோ ஒரு முகம் தெரியாத மாப்பிள்ளைக்காகவே வைத்தார். தர்மபுரத்தில் அந்த ஒழுங்கையில் உள்ள வீடுகள் எல்லாவற்றிலும் குசினிக்குப் புகைபோக்கி வைத்துத்தான் கட்டினார்கள். ஒரு வீட்டில் அதன் கீழே கோழி அடை கிடக்கிறது, இன்னொரு வீட்டில் உரம் அடுக்கியிருக்கிறது. நேசமலரின் வீட்டில் அது சும்மா இருந்தது. சுவர் கறுக்கும் என்று சொல்லி, சமையல் முதல் நாளில் இருந்தே வெளியே கொட்டிலில்தான் நடந்தது. குசினியைக் குமர்ப்பிள்ளையைப் பொத்துவதுபோல் பொத்தி வைத்திருந்தார்கள்.

கிளினிக்கில் இருந்த பெண் டொக்டர்தான் முதலில் சத்தம் போட்டவர். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அம்மா, நீங்கள் சமைக்கிறீர்களா, சிகரெட் குடிக்கிறீர்களா என்று கேட்டார். காஸில் சமையுங்கள், இல்லாவிட்டால் புகை வெளியே போகிற அடுப்பு வையுங்கள், இப்படியே ஊதிக்கொண்டிருந்தால் மிச்சமுள்ளதும் போய்விடும் என்றார். காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று ஊரே வெறுத்துப்போன காலம் அது. நேசமலர் யாரிடமும் கேட்கவில்லை. தன்னுடைய இரண்டு ஆடுகளை விற்றாள், கச்சு முகம்மதுவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

கச்சு முகம்மது முல்லைத்தீவு ஆள். புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் இரும்பு வேலை பழகி, திரும்பி வந்து ஒட்டுசுட்டானில் கடை போட்டவர். வேலை பாதி, கதை பாதி. அடுப்பைச் சுவரில் முட்டாமல் ஒரு முழம் தள்ளி வைத்தார், கீழே கல் பரவினார், குழாயை அடுப்பில் இருந்து நேரே மேலே கொண்டுபோய்ப் புகைபோக்கிக்குள்ளால் விட்டு, வீட்டு முகட்டுக்கு மேலே உயர்த்தினார். முகட்டுக்குக் கீழே நின்றால் சோளகக் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளிவிடும் என்று சொன்னார். காய்ந்த விறகு மட்டும் போடவேண்டும், பிளாஸ்டிக் போடக்கூடாது, ஜன்னல் ஒன்றாவது திறந்திருக்கவேண்டும், சாம்பலை ஆறவிட்டு அள்ளவேண்டும், விறகை அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கக்கூடாது என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, வீரகத்தி கொட்டாவி விட்டார். கடைசியில் கச்சு முகம்மது ஒரு பேப்பர்த் துண்டைக் கொளுத்தி அடுப்பு வாய்க்குள் பிடித்தார். சுவாலை உள்ளே சாய்ந்து, குழாய்ப் பக்கமாக நீண்டு போனது. ஒவ்வொரு முறையும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் மூட்டவேண்டும், அடுப்பு மூச்சு இழுக்கிறதா என்று பார்க்கிற வழி இதுதான் என்றார். அன்று அந்த அடுப்பில் நேசமலர் அவருக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். ஓர் இருமல்கூட வரவில்லை. குழாயின் உச்சிக்கு ஒரு மூடி வேண்டும், கடையில் செய்து வைக்கிறேன், அண்ணை வந்து எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அண்ணை போகவில்லை.

அடுத்த கிழமையே தரகர் பிரதாபனின் சாதகத்தைக் கொண்டு வந்தார். விவசாயிகளின் அலுவல் பார்க்கிற கமநல நிலையத்தில் வேலை, அரசாங்க உத்தியோகம், கூடாத பழக்கவழக்கம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவார்கள், அதுவரை அடுப்பை மூட்டாதே என்று வீரகத்தி சொன்னார். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மகளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு காலம் ஊதியவளுக்கு இன்னும் ஒரு மாதம் ஊதினால் என்ன?

மழை அந்த நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டது. மூடியில்லாத குழாயால் தண்ணீர் இறங்கிக் குசினிச் சுவரில் கறுப்பாக ஒரு கோடு போட்டது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குச் சில நாட்களே இருந்தன. நேசமலர் அப்போது இழுப்புக் கூடிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மறித்து வைக்கப்பட்டிருந்தாள். திரும்பி வந்தபோது சுவர் மறுபடியும் பால்போல் இருந்தது. இனித் தண்ணீர் வராது, அலுவல் பார்த்துவிட்டேன் என்று வீரகத்தி சொன்னார். என்ன அலுவல் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கலியாணம் நடந்து நாலாம் சடங்கு அன்று வீடு நிறையச் சனம். பிரதாபனின் தாய் ராஜினி குசினியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, புது அடுப்பில் பால் காய்ச்சித் தொடங்குவோம் என்றாள். சம்பந்தி சொன்னால் மறுபேச்சு உண்டா? ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை, கரி படும் என்று கஜனி சாத்தியே வைத்திருந்தாள். அத்தனை பேர் கண் முன்னால் பேப்பர் கொளுத்திப் பார்க்க நேசமலருக்கு வெட்கமாக இருந்தது. முதல் நாள் இழுத்த அடுப்புத்தானே என்று சூடத்தை வைத்து மூட்டிவிட்டாள். புகை ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு கதவிடுக்கு, பானை விளிம்பு, குழாய்ப் பொருத்து என்று கண்ட கண்ட இடத்தாலெல்லாம் குசினிக்குள் வந்தது. பட்டுச்சேலைகள் இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடின. நேசமலர் ஓடவில்லை. பால் பொங்காமல் வெளியே போனால் பிள்ளையின் வாழ்க்கைக்கு ஆகாது என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பால் பொங்கியது என்று பிறகு சொன்னார்கள். அதைப் பார்க்க அவளுக்கு நினைவு இருக்கவில்லை. வீரகத்திதான் உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். ஊர் அதைப் பெரிதாகச் சொன்னது, மனிசன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினான் என்று.

அவள் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்துக் கிடந்தபோது வீட்டில் தீர்ப்பு எழுதி முடிந்துவிட்டது. ஆட்டை விற்றுப் பெண்பிள்ளை தன் எண்ணத்துக்கு வாங்கிய அடுப்பு, அதுதான் இப்படி. தாலி ஏறி நாலாம் நாள் அடுப்பு மூச்சு விடாத வீடு என்று ராஜினி தன் சொந்தக்காரர் வீடெல்லாம் சொல்லித் திரிந்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியுமா? பிரதாபன் காஸ் அடுப்பு ஒன்று வாங்கி வைத்தான். அது தேத்தண்ணிக்கும் அவனுடைய முட்டைப் பொரியலுக்கும். சோறு கறி வேகக் காஸ் கட்டாது, அதற்குக் கொட்டில் இருக்கிறது, கொட்டிலுக்கு நேசமலர் இருக்கிறாள். கலியாணத்தோடு தாயும் தகப்பனும் வீட்டின் பின்பக்கம் இறக்கிய பத்திக்கு மாறிவிட்டார்கள். தன்னுடைய அடுப்புத்தான் பிழை என்று அவளே நம்பிவிட்டாள். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய கொடுமை.

கொட்டிலில் உலை கொதிக்க முன்னமே மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டுப் புகைக்குள் இருந்து அவள் எட்டிப் பார்த்தாள். கச்சு முகம்மது. பின்னால் ஒரு இரும்புத் தொப்பியைக் கட்டியிருந்தார். பக்கத்து ஒழுங்கையில் ஒரு வேலை, அதோடு இந்த மூடியையும் கொண்டு வந்தேன், உங்கள் ஆள் வருவார் வருவார் என்று பார்த்துக் கண் பூத்துவிட்டது என்றார். பிறகு அவளுடைய முகத்தையும் கொட்டிலையும் பார்த்து, கதையைக் கேட்டார். கேட்கக் கேட்க அவருக்குக் கோபம் வந்தது. அவளுக்காக இல்லை, தன் அடுப்புக்காக.

"நான் வச்ச அடுப்பு இழுக்கேல்லையோ? ஆரக்கா சொன்னது? ஏணி இருக்கோ?"

கஜனியும் பிரதாபனும் விடியவே ஒட்டுசுட்டானுக்குப் போயிருந்தார்கள். கஜனி முழுகாமல் இருக்கிறாள், அந்தச் செய்தியை ராஜினிக்குச் சொல்ல. வீட்டில் தடுக்க ஆளில்லை. நேசமலர் வீரகத்தியைக் கூப்பிட்டாள். வலது கையில் இரண்டு விரல் இல்லாத மனிசன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு மெதுவாக வந்தார். மழை விட்டிருந்தது, ஆனால் ஓடு வழுக்கும் என்றார். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். கச்சு முகம்மது ஏறத் தொடங்கியபோது, மூடியைப் போட்டுவிட்டு இறங்கினால் போதும், உள்ளே பார்க்கத் தேவையில்லை என்றார். அப்போதுதான் நேசமலர் அவருடைய முகத்தைப் பார்த்தாள். ஏணியைப் பிடித்திருந்தவரின் கண் ஏணியில் இல்லை, வேலியில் இருந்தது.

மேலே கச்சு முகம்மது குழாய்க்குள் கையை விட்டார், தோள் வரைக்கும் விட்டார், எதையோ இழுத்தார். அது வரமாட்டேன் என்று நின்று, பிறகு ஒரேயடியாக வந்தது. கீழே பாருங்கோ என்று கத்திவிட்டு எறிந்தார். வைக்கோல் அடைத்த உரப்பை ஒன்று, ஈரமும் கரியுமாக, வீரகத்தியின் காலடியில் வந்து விழுந்தது.

அதன் வாயைப் பனைநாரால் கட்டியிருந்தது. நேசமலர் குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தாள். விரல் இரண்டு போனபிறகு வீரகத்தி எந்த முடிச்சையும் பல்லால்தான் இறுக்குவார். விதைநெல் மூட்டை, மாட்டுக் கயிறு, வேலிக் கதியால் எல்லாவற்றிலும் நார் நுனி சப்பித் தும்பாக நிற்கும். இதிலும் நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்த மனிசன் தன் பல்லை மறைக்க மறந்துவிட்டார்.

கச்சு முகம்மது ஊர் உலகம் கண்டவர். மூடியைப் பூட்டி, இறங்கி, அடுப்பின் மேலிருந்த ரோசாப்பூவை எடுத்து வைத்துவிட்டுப் பேப்பர் கொளுத்திக் காட்டினார். சுவாலை முதல் நாள் போலவே குழாயைப் பார்த்துப் படுத்தது. நான் சொன்னேனே என்றுகூடச் சொல்லாமல், தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முற்றத்தில் இரண்டு பேரும் ஒரு பையும் மிஞ்சின.

"அண்டைக்கு நான் உள்ளுக்கை நிக்கேக்கை உங்களுக்குத் தெரியும்," என்றாள் நேசமலர்.

"மழைத்தண்ணிக்குத்தான் அடைச்சனான். பிறகு கலியாண அமளியிலை மறந்துபோனன்." அவர் பையைக் காலால் தள்ளினார். "புகை வரேக்கைதான் ஞாபகம் வந்தது."

"வந்தது தானே. ஏன் சொல்லேல்லை?"

"சம்பந்தியாக்கள் எல்லாரும் நிக்கினம். என்னண்டு சொல்லுறது?"

"நான் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை?"

அவர் ஏணியைச் சரித்துத் தோளில் வைத்தார். "பிறகு சொல்லி என்ன செய்யிறது," என்றார்.

அந்த மனிசனைப் பற்றி இருபத்தெட்டு வருடமாக அவளுக்கு இருந்த ஓர் எண்ணம் உண்டு. கெட்டிக்காரன் இல்லை, கையில் காசு நிற்காது, ஆனால் பங்கருக்குள் தன்னுடைய உடம்பை மேலே போட்டு அவளையும் பிள்ளையையும் மூடியவன். செல்லுக்குப் பயப்படாத அந்த ஆள் ராஜினியின் வாய்க்குப் பயந்து அவளைப் புகைக்குள் நிற்க விட்டிருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு எரிந்தது, அந்தத் துண்டு இருக்கிற இடம் இல்லை, மற்றப் பக்கம்.

அவள் கொட்டிலுக்குப் போய் உலைப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்திக்குள் காய்ந்து கிடந்த பாலை விறகை எடுத்தாள். ஜன்னலைத் திறந்து, திரைச்சீலையை முடிந்து விட்டாள். சின்னச் சுள்ளியில் தொடங்கிக் குழாய் சூடேறும் வரை பொறுத்து, பிறகு பெரிய விறகு வைத்துக் கதவைச் சாத்தினாள். உள்ளே நெருப்பு உறுமிற்று, வெளியே ஒன்றும் இல்லை. அரிசி கொதித்தது. சோற்று வாசம் வந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது, சமைக்கும்போது சோற்றின் வாசத்தை அவள் மணந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது என்று. புகைதான் எப்போதும் முதலில் வந்து மூக்கில் குந்தியிருக்கும். பருப்பு வைத்தாள், கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள், வைக்கத் தேவையில்லாத ஒரு சொதியும் வைத்தாள். கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு அடுப்புக்கு முன்னால் சும்மா இருந்தாள். ஒன்றரை மூச்சும் ஒழுங்காகப் போய் வந்தன. தன் வீட்டுக் குசினிக்குள் அவள் ஆறுதலாக இருந்தது அதுதான் முதல் தடவை.

பின்னேரம் மோட்டார்சைக்கிள் வந்தது. கஜனி வாசலிலேயே நின்றுவிட்டாள். ரோசாப்பூச் சாடி நிலத்தில். விரிப்பு மடித்துக் கதிரையில். வெள்ளைச் சுவரில், அடுப்புக் கதவுக்குப் பக்கத்தில், கரி பிடித்த பெருவிரல் அடையாளம் ஒன்று.

"பார் பிள்ளை, ஒரு பொட்டுப் புகை இல்லை," என்றாள் நேசமலர். "அடுப்பிலை பிழையில்லை. குழாய்க்குள்ளை ஒண்டு அடைச்சுக் கிடந்தது. என்னெண்டு கொப்பரைக் கேள்."

எல்லோரும் வீரகத்தியைப் பார்த்தார்கள். உரப்பை முற்றத்தில் இல்லை. எப்போது எடுத்தார், எந்தக் குழிக்குள் போட்டார் என்று தெரியவில்லை. அவர் மருமகனை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"குருவிக்கூடு," என்றார்.

நேசமலர் வாயைத் திறந்தாள். மகளின் வயிற்றைப் பார்த்தாள். மருமகன் கமக்காரர்களின் விண்ணப்பத்தைப் பார்க்கிற முகத்தோடு நின்றான். பை இல்லாமல் இவள் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினாலும் நாளைக்கு அது ராஜினியின் வாயில் எப்படித் திரும்பி வரும்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டுக்கும் நடுவில் நின்று சோறு வடித்தவள் அவள்தான்.

கஜனி கையில் இருந்த பழப்பையை வைத்துவிட்டு, தாயின் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னாள். கெட்ட பிள்ளை இல்லை.

"எதெண்டாலும் இருக்கட்டும் அம்மா. அந்த இடத்திலை பிரிட்ஜ் வைக்கப் போறம், இவர் சொல்லி வச்சிட்டார். மாமி இண்டைக்கும் அந்தப் புகைக் கதைதான் கதைச்சவா. பிள்ளை பிறக்கிற வீடு, சுவர் வெள்ளையா இருக்கட்டும். நெருப்பைக் கொட்டிலுக்குக் கொண்டுபோங்கோ."

நேசமலர் இடுக்கியை எடுத்தாள். அடுப்புக் கதவைத் திறந்து எரிகிற கொள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்து, தகரத் தட்டில் வைத்து, முற்றத்தைக் கடந்து கொட்டிலுக்குக் கொண்டுபோனாள். மூன்று முறை போய் வந்தாள். ஒரு தடவை கொள்ளியில் இருந்து தணல் ஒன்று ஈர மண்ணில் விழுந்து சீறி அவிந்தது. பிரதாபன் பழைய துணி ஒன்றை நனைத்துச் சுவரில் இருந்த பெருவிரல் அடையாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது போகவில்லை, பரவியது.

வீரகத்தி கொட்டில் வாசலில் சாப்பிட இருந்தார். அந்த அடுப்பில் வெந்த சோற்றை, குழம்பை, சொதியை எல்லாம் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சொதி விடச் சொல்லிக் கோப்பையை நீட்டினார். விட்டாள். கைகழுவிவிட்டு, ஒரு தேத்தண்ணி குடிச்சால் நல்லம் என்றார். கொண்டுவந்த கொள்ளிகள் ஈர விறகோடு சேர்ந்து அதற்குள் அடங்கிப் புகையத் தொடங்கியிருந்தன.

நேசமலர் ஊதாங்குழலை எடுத்து அவருடைய கையில் வைத்தாள்.

அவர் அதையும் அவளையும் பார்த்தார். பிறகு உள்ளே போய் அடுப்புக்கு முன்னால் குந்தினார். அவள் வெளியே வந்து, காற்று வருகிற பக்கமாகக் கிணற்றுக்கட்டில் இருந்தாள். உள்ளே முதலில் ஊதுகிற சத்தம் கேட்டது, பிறகு இருமல் கேட்டது, பிறகு இருமல் மட்டும் கேட்டது. கொட்டில் கிடுகுகளின் இடுக்கெல்லாம் புகை கசிந்தது. எதிரே ஓட்டுக் கூரைக்கு மேலே, புது மூடியின் கீழிருந்து, உள்ளே மிஞ்சிக் கிடந்த தணலின் கடைசிப் புகை, மெல்லிய நூலாக, ஒரு பக்கமும் சாயாமல் நேரே மேலே போய்க்கொண்டிருந்தது. அது முடியும்வரை அவள் எழும்பவில்லை.